மொரீஷியஸ்: தில்லியைவிடச் சற்றே பெரிய தீவு, 1972-ஆம் ஆண்டுக் கணக்கை நம்பி நடக்கும் தேர்தல்

புதுதில்லி: இந்தியப் பெருங்கடலின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள மொரீஷியஸ், இந்தியாவின் வெளியுறவுச் செய்திகளில் தொடர்ந்து இடம்பெறும் நாடு. 2014, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தில்லியில் நடைபெற்ற பிரதமர் பதவியேற்பு விழாக்களில் மொரீஷியஸ் பிரதமர்கள் பங்கேற்றனர். சுமார் 12.6 லட்சம் பேர் மட்டுமே வாழும் இந்நாட்டுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? அதன் நிலம், மக்கள், ஆட்சி ஆகியவை எவ்வாறு உருவாயின?

இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சுதந்திரம் பெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், "நாட்டின் எல்லை எது?", "மக்களை எவ்வாறு வகைப்படுத்துவது?" என்ற இரு அடிப்படைக் கேள்விகள் மொரீஷியஸில் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை.

எரிமலையில் பிறந்த தீவு

மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்குக் கரையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவில் மொரீஷியஸ் அமைந்துள்ளது. முதன்மைத் தீவின் பரப்பளவு 1,865 சதுர கிலோமீட்டர். தேசியத் தலைநகர்ப் பிரதேசமான தில்லியின் பரப்பளவு 1,483 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் தீவின் அளவு விளங்கும். ஆனால், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தில்லியில் 1.67 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

கடலடி எரிமலைகள் குமுறியதால் உருவான இத்தீவு, ரீயூனியன், ரொட்ரிக்ஸ் ஆகியவற்றுடன் சேர்ந்து மஸ்கரீன் தீவுக்கூட்டம் என அழைக்கப்படுகிறது. தீவின் நடுவே மேட்டுநிலம், அதைச் சுற்றிச் சிதைந்த எரிமலை வாயின் எஞ்சிய விளிம்புகளாக மலைகள், கரையோரம் சமவெளி. மிக உயர்ந்த சிகரம் தென்மேற்கில் 828 மீட்டர் உயரத்தில் உள்ளது. கரையின் பெரும்பகுதியைப் பவளப்பாறைகள் அரணாகச் சூழ்ந்திருக்கின்றன. அலையின் வேகத்தைத் தடுப்பது, மீன்வளத்தைக் காப்பது, சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் அமைதியான நீர்ப்பரப்பை உருவாக்குவது ஆகிய மூன்றுக்கும் இப்பாறைகளே ஆதாரம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீடிக்கும் கோடைக்காலம் புயல் காலமும் ஆகும். 1960-ஆம் ஆண்டு வீசிய 'கரோல்' புயல் பல்லாயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. ஓலைக்கும் மரத்துக்கும் பதிலாகக் கான்கிரீட் வீடுகள் பெருகியது அதன் பிறகே. 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயியில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையால் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 11 பேர் உயிரிழந்தனர்.

2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையின் பவளப்பாறையில் தரைதட்டியது. ஆகஸ்ட் மாதத்தில் அதிலிருந்து சுமார் 1,000 டன் எரியெண்ணெய் கடலில் கசிந்தது. கரும்புச் சக்கையையும் வைக்கோலையும் துணிப்பைகளில் அடைத்து, எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைகளைப் பொதுமக்களே தயாரித்தனர். கடலையே நம்பி வாழும் நாட்டுக்கு ஒரே ஒரு கப்பல் எவ்வளவு பெரிய ஆபத்தாக மாறக்கூடும் என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

நிலம் சிறிது, கடல் பெரிது

முதன்மைத் தீவு மட்டுமே மொரீஷியஸ் அல்ல. கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தொலைவில் ரொட்ரிக்ஸ் தீவும், வடக்கே 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் அகலேகா தீவுகளும், வடகிழக்கே செயின்ட் பிராண்டன் எனப்படும் சிறு தீவுத்திட்டுகளும் அதன் ஆளுகையில் உள்ளன. இவை அனைத்தையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர்தான்.

ஆனால் கடல்சார் சட்டப்படி, தீவுக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பின் வளங்கள் அந்த நாட்டுக்கே உரியவை. இந்தக் கணக்கில் மொரீஷியஸ் உரிமை கோரும் சிறப்புப் பொருளாதார மண்டலம் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது, நிலத்தைவிட 1,000 மடங்குக்கும் அதிகமான கடல். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் கப்பல் வழித்தடங்கள் இந்தப் பகுதியின் ஊடே செல்வதால், இதன் மீது வல்லரசுகளின் கவனம் குவிகிறது.

பூர்வகுடி இல்லாத நாடு

மொரீஷியஸுக்கு ஆதிக்குடிகள் என எவரும் இல்லை. அரபு மாலுமிகளும் போர்ச்சுகீசியர்களும் தீவை அறிந்திருந்தனர், ஆனால் குடியேறவில்லை. 1598-இல் வந்திறங்கிய டச்சுக்காரர்கள், தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். 1638-இல் குடியேற்றத்தை அமைத்த அவர்கள், ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தனர். வேறெங்கும் காணப்படாத, பறக்க இயலாத 'டோடோ' பறவை அந்த நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. 1710-இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைவிட்டனர்.

1715-இல் உரிமை கோரிய பிரான்ஸ், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களை உருவாக்கியது. 1810-இல் தீவைக் கைப்பற்றிய பிரிட்டன், பிரெஞ்சு மொழி, சட்டம், சொத்துரிமை ஆகியவற்றை அப்படியே தொடர அனுமதித்தது. ஆட்சி ஆங்கிலத்திலும் அன்றாட வாழ்க்கை பிரெஞ்சு, கிரியோல் மொழிகளிலும் நடக்கும் இன்றைய நிலைக்கு அதுவே தொடக்கம்.

1835-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லும் 'மாபெரும் பரிசோதனை'யைப் பிரிட்டிஷ் அரசு தொடங்கியிருந்தது. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' என்ற கப்பல் தொழிலாளர்களுடன் போர்ட் லூயியை அடைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சுமார் நான்கரை லட்சம் பேர் இவ்வாறு வந்தனர். கல்கத்தா துறைமுகம் வழியாகப் போஜ்புரி பேசுவோரும், சென்னை வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராத்தியரும் கப்பலேறினர்.

அவர்கள் இறங்கிய 'ஆப்ரவாசி காட்' துறைமுக வளாகம் 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த 'லெ மோர்ன்' மலைப்பகுதிக்கு 2008-இல் அதே சிறப்பு கிடைத்தது. அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1-ஆம் தேதியும், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்த நவம்பர் 2-ஆம் தேதியும் அந்நாட்டில் பொது விடுமுறை நாட்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழர்கள்: முதலில் வந்தவர்கள்

ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழர்கள் மொரீஷியஸை அடைந்துவிட்டனர். 1735-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற பிரெஞ்சு அதிகாரி மஹே தெ லா பூர்தொன்னே, போர்ட் லூயி துறைமுகத்தையும் நகரையும் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பின்னர் வணிகர்களும் வந்தனர்.

இன்று தைப்பூசக் காவடி அங்கு அரசு விடுமுறை. காவடித் திருவிழாவின்போது வாழையிலையில் ஏழு கறிகளுடன் பரிமாறப்படும் விருந்து 'செத் காரி' என்ற பிரெஞ்சுப் பெயரால் அறியப்படுகிறது. நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற வீராசாமி ரிங்காடு தமிழ் வம்சாவளியினர். பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவர்களாகவும், தற்காலிகக் குடியரசுத் தலைவர்களாகவும் பணியாற்றிய அங்கிடி செட்டியார், பார்லென் வையாபுரி ஆகியோரும் அவ்வாறே.

வழிபாட்டிலும் உணவிலும் பெயரிலும் நிலைத்த தமிழ், வீட்டுப் பேச்சில் நிலைக்கவில்லை. மக்களில் பெரும்பான்மையோரின் வீட்டு மொழி, பிரெஞ்சை அடிப்படையாகக் கொண்ட கிரியோல். பள்ளிகளில் விருப்பப் பாடமாகவும், கோயில்களில் வழிபாட்டு மொழியாகவும் தமிழ் தொடர்கிறது.

பேச்சில் தேய்ந்தாலும், அடையாளமாகத் தமிழுக்குள்ள எடை குறையவில்லை. மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளில் மதிப்பு அச்சிடப்படுகிறது. 1998-இல் வெளியிடப்பட்ட புதிய தாள்களில் தமிழுக்கு முன்பாக இந்தி இடம்பெற்றதைத் தமிழர்கள் எதிர்த்தனர். போராட்டத்தையடுத்து அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சிடப்பட்டன. தீவுக்கு வந்த வரிசையையும் சமூகங்களின் மதிப்பையும் குறிக்கும் அடையாளமாக அந்த எழுத்து வரிசை பார்க்கப்பட்டதே இதற்குக் காரணம்.

எழுத்தறிவு தந்த வாக்குரிமை

பிரிட்டிஷ் ஆட்சியில் நெடுங்காலம் சொத்து உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. 1947-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தீவில் புழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றில் எளிய வாக்கியங்களைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த வயதுவந்தோருக்கு வாக்குரிமை வழங்கியது. தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. இதனால் சுமார் 12,000 ஆக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 1948 தேர்தலில் சுமார் 72,000 ஆக உயர்ந்தது. கிராமத்துத் திண்ணைப் பாடங்களில் தாய்மொழி எழுத்துகளைக் கற்றிருந்த தோட்டத் தொழிலாளர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 1959 தேர்தலில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது.

சுதந்திரம் நெருங்கியபோது, இந்து பெரும்பான்மை தங்களை ஒதுக்கிவிடுமோ என்ற அச்சம் பிற சமூகங்களிடம் எழுந்தது. 1967 தேர்தலில் சுதந்திரத்துக்கு எதிரான அணி 40 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றது. 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் முஸ்லிம்களுக்கும் கிரியோல்களுக்கும் இடையே கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் படைகள் வரவழைக்கப்பட்டன. அந்தப் பதற்றத்துக்கு இடையில்தான், 1968 மார்ச் 12 அன்று சிவசாகர் ராம்கூலம் தலைமையில் நாடு சுதந்திரம் பெற்றது. 1992-ஆம் ஆண்டு அதே தேதியில் குடியரசானது.

ஆட்சி அமைப்பு

குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர்; அவரைத் தேசியப் பேரவை தேர்ந்தெடுக்கிறது. ஆட்சி அதிகாரம் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் உள்ளது. பேரவைக்கு ஒரே அவைதான். பதவிக்காலம் 5 ஆண்டுகள். பேரவையின் அலுவல் மொழி ஆங்கிலம் எனவும், உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் உரையாற்றலாம் எனவும் அரசியல் சட்டம் கூறுகிறது. நாட்டின் ஆட்சிமொழி எது என அது எங்கும் அறிவிக்கவில்லை.

நீதித்துறையில் ஆங்கிலேயப் பொதுச் சட்டமும் பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் இணைந்து இயங்குகின்றன. இறுதி மேல்முறையீடு இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கே செல்கிறது. நாட்டுக்கு வழக்கமான இராணுவம் இல்லை. காவல்துறையின் அங்கமான சிறப்புப் படையும் கடலோரக் காவல்படையும் பாதுகாப்பைக் கவனிக்கின்றன. ரொட்ரிக்ஸ் தீவு 2002 முதல் தனக்கென ஒரு பிராந்தியப் பேரவையுடன் தன்னாட்சி பெற்றுள்ளது.

தோற்றவருக்கும் இடம்

மொரீஷியஸ் தேர்தல் முறையின் தனித்தன்மை அடுத்து வருவது. முதன்மைத் தீவின் 20 தொகுதிகளில் தலா 3 பேரும், ரொட்ரிக்ஸில் 2 பேரும் என 62 உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அதன்பின், போட்டியிட்டுத் தோற்றவர்களிலிருந்து அதிகபட்சம் 8 பேருக்கு இடம் வழங்கப்படுகிறது. 'தோற்றவர்களில் சிறந்தவர்' முறை என இது அழைக்கப்படுகிறது.

அரசியல் சட்டம் மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சாவளியினர், பொது மக்கள் என நான்கு சமூகங்களாகப் பகுக்கிறது. முதல் மூன்றிலும் சேராத அனைவரும், அதாவது கிரியோல்களும் ஐரோப்பிய வம்சாவளியினரும், 'பொது மக்கள்' பிரிவில் அடங்குவர். வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சமூகம் எது என மனுவில் குறிப்பிட வேண்டும். முடிவுகள் வெளியானதும், மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் எந்தச் சமூகத்துக்கு இடங்கள் குறைந்துள்ளனவோ, அச்சமூகத்தில் அதிக ஆதரவு பெற்றுத் தோற்றவருக்கு இடம் அளிக்கப்படும். முதல் 4 இடங்கள் கட்சி பாராமல் நிரப்பப்படுகின்றன. எஞ்சியவை கட்சிகளின் பலத்தையும் கருத்தில்கொண்டு நிரப்பப்படுகின்றன.

இங்குதான் சிக்கல் எழுகிறது. சமூகவாரியாக மக்களைக் கடைசியாகக் கணக்கெடுத்தது 1972-இல். பிரிவினையை வளர்க்கும் எனக் கருதி, அதன்பின் அக்கேள்வி கணக்கெடுப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் இடப் பங்கீடு மட்டும் 1972-ஆம் ஆண்டு எண்ணிக்கையின்படியே தொடர்கிறது. பாதிக்கும் மேற்பட்ட குடிமக்கள் பிறப்பதற்கு முன் எடுக்கப்பட்ட கணக்கு, இன்றைய அவையின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. தமிழர், தெலுங்கர், மராத்தியர் ஆகியோருக்கு இதில் தனிப்பிரிவு கிடையாது. 'இந்து' என்ற ஒரே தலைப்பில் அவர்கள் அடங்குகின்றனர்.

சமூகத்தைக் குறிப்பிட மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 'ரெசிஸ்டான்ஸ் எக் அல்டர்னாடிவ்' என்ற கட்சியினர் இப்பிரச்சினையை ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குக் கொண்டுசென்றனர். புதிய கணக்கெடுப்பு இல்லாமல் சமூகத்தை அறிவிக்கக் கட்டாயப்படுத்துவது தன்னிச்சையானது என 2012-இல் அக்குழு கருத்துத் தெரிவித்தது. 2014 தேர்தலுக்கு மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்தி ஒரு தற்காலிகச் சட்டம் இயற்றப்பட்டது; அடுத்த தேர்தலில் பழைய நிலை திரும்பியது. 2018-இல் கொண்டுவரப்பட்ட சீர்திருத்த மசோதா, தேவையான நான்கில் மூன்று பங்கு ஆதரவு இல்லாததால் கைவிடப்பட்டது.

முறையை நீக்கக் கோருவோர், ஒருவரைக் குடிமகனாகக் காணாமல் சமூகத்தின் உறுப்பாக மட்டும் காண்பது தவறு என்கின்றனர். தக்கவைக்கக் கோருவோர், குறிப்பாக முஸ்லிம் சிறுபான்மையினர், இந்த உறுதிப்பாடு இல்லாவிட்டால் அவையில் தங்கள் குரல் குறைந்துவிடும் என அஞ்சுகின்றனர். 1999 பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா காவலில் இறந்ததைத் தொடர்ந்து நாடெங்கும் கலவரம் வெடித்ததை நினைவில் கொண்டிருப்போர், இந்த அச்சங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது எனக் கருதுகின்றனர்.

2024 நவம்பர் தேர்தலில் நவீன் ராம்கூலம் தலைமையிலான கூட்டணி, முதன்மைத் தீவின் 60 இடங்களையும் வென்றது. 1982, 1995 ஆகிய ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு நிகழ்ந்தது இது மூன்றாவது முறை. ஐ.நா.வை அணுகிய கட்சியும் வென்ற கூட்டணியில் இடம்பெற்றிருந்தது. எனவே, அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேவையான எண்ணிக்கை அத்தேர்தலில் கிடைத்தது. எஞ்சியிருந்தது, மாற்றாக எதை வைப்பது என்ற உடன்பாடு.

சாகோஸ்: தீராத எல்லை

மக்கள் பற்றிய கேள்வி இவ்வாறிருக்க, எல்லை பற்றிய கேள்வி வடகிழக்கே 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சாகோஸ் தீவுகளில் இருக்கிறது. சுதந்திரம் அளிப்பதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 1965 நவம்பரில், பிரிட்டன் சாகோஸை மொரீஷியஸிலிருந்து பிரித்துத் தனி ஆட்சிப் பகுதியாக்கியது. இழப்பீடாக 30 லட்சம் பவுண்டு வழங்கப்பட்டது. அங்குள்ள டியாகோ கார்சியா தீவு இராணுவத் தளம் அமைக்க அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டது. 1968 முதல் 1973 வரை, அங்கு தலைமுறைகளாகத் தென்னந்தோட்டங்களில் உழைத்து வந்த 1,500-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டனர். பலர் போர்ட் லூயியின் ஏழ்மையான குடியிருப்புகளில் ஒடுங்கினர்.

காலனி நீக்கம் சட்டப்படி நிறைவுபெறவில்லை எனச் சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதே ஆண்டு மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸுக்கு ஆதரவாக வாக்களித்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. எதிர்த்தவை 6 நாடுகள் மட்டுமே.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி சாகோஸ் மீதான இறையாண்மை மொரீஷியஸுக்கு மாறும். டியாகோ கார்சியா தளம் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டனின் பொறுப்பில் தொடரும். அதற்காக ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு செலுத்தப்படும். டியாகோ கார்சியா தவிர்த்த பிற தீவுகளில் மக்களை மீண்டும் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு. எனினும், கையெழுத்து மட்டும் போதாது. இரு நாடுகளின் சட்ட நடைமுறைகளும் நிறைவுபெற்றால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும். தங்களைக் கலந்தாலோசிக்காமலேயே தங்கள் மண்ணின் எதிர்காலம் முடிவு செய்யப்பட்டது என்பது சாகோஸ் மக்களில் ஒரு பகுதியினரின் குறை.

தில்லியின் பார்வையில்

இந்தியாவுக்கு மொரீஷியஸ் உறவு நாடு மட்டுமல்ல. பாதுகாப்புக் கூட்டாளியும் கூட. இந்தியப் பெருங்கடல் குறித்த 'சாகர்' கொள்கையைப் பிரதமர் நரேந்திர மோடி 2015 மார்ச் மாதம் மொரீஷியஸ் பயணத்தின்போதுதான் அறிவித்தார். அகலேகா தீவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறந்துவைக்கப்பட்டன. அதே மாதத்தில் இந்தியாவின் யுபிஐ பணப் பரிவர்த்தனை வசதி அங்கு அறிமுகமானது.

இரு நாடுகளின் வரி ஒப்பந்தமும் நீண்டகாலம் விவாதத்துக்கு உள்ளானது. 1982-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் சலுகையால், மொரீஷியஸ் வழியாக இந்தியாவில் முதலீடு செய்தவர்கள் இங்கு மூலதன ஆதாய வரி செலுத்தத் தேவையிருக்கவில்லை. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2017 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கப்பட்ட பங்குகளுக்கு இந்தியா வரி விதிக்கிறது. கரும்பை மட்டும் நம்பியிருந்த நாடு ஆடைத் தொழில், சுற்றுலா, நிதிச் சேவை என வளர்ந்த பாதையில், அந்த முதலீட்டுப் போக்குவரத்துக்கும் பங்குண்டு.

ஐந்து, ஆறு தலைமுறைகளுக்கு முன் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கும் கதவு திறந்துள்ளது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டையை ஏழாம் தலைமுறை வரையிலான மொரீஷியஸ் இந்திய வம்சாவளியினர் பெறுவதற்கான சிறப்பு ஏற்பாட்டைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2024 மார்ச் மாதம் போர்ட் லூயியில் அறிவித்தார். மூதாதையரின் ஊரை ஆவணத்தால் நிறுவ வேண்டியிருப்பதால், பழைய குடியேற்றப் பதிவேடுகள் பலருக்குப் புதிதாகப் பயன்படத் தொடங்கியுள்ளன. ஒப்பந்தக் கூலிகளை எண்களாக எழுதிவைத்த அந்தப் பதிவேடுகளே, இன்று அவர்களின் வாரிசுகளுக்குச் சான்றாக அமைகின்றன.